வென்று வந்த மகள் ஏன் பயிற்சிக்குப் போக மறுக்கிறாள்?

சேலம் அஸ்தம்பட்டிப் பகுதியில் வசிக்கும் ஒரு தாயார் எழுதிய நீண்ட கடிதத்துக்கு இந்த வாரம் பதில் எழுதுகிறேன். பெயர்களையும் பள்ளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நீக்கிவிட்டேன்.

அவருடைய மகள் பதினோராம் வகுப்பு மாணவி. ஆறாம் வகுப்பிலிருந்து கூடைப்பந்து ஆடுகிறாள். இப்போது பள்ளி அணியின் பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்துபவள். சென்ற மாதம் ஏற்காட்டில் நடந்த ஓர் அழைப்புப் போட்டியில் அவளுடைய அணி இறுதி ஆட்டம் வரை சென்றது. கடைசி குவார்ட்டரை ஆறு புள்ளி முன்னிலையுடன் தொடங்கியவர்கள், பயிற்சியாளர் சொன்னபடி, கூடைக்கு எறியாமல் பந்தை ஆளுக்கு ஆள் மாற்றி நேரத்தைக் கடத்தினார்கள். குறித்த நொடிகளுக்குள் கூடைக்கு எறிந்தாக வேண்டும் என்று கணக்கிடும் ஷாட் கிளாக் அந்த மைதானத்தில் கிடையாது. எதிரணி நெருக்கிப் பிடித்து ஆடி, முன்னிலையைக் கரைத்து, மூன்று புள்ளி மேலே போய்விட்டது. அதன்பிறகு மகளின் அணியினர், ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்கு ஈடாகத் தடுப்பாரின்றி எறியும் வாய்ப்பு, ஒன்றுக்கு ஒரு புள்ளி) சரியாகப் போட வராத ஓர் எதிரணிப் பெண்ணைக் குறிவைத்து, பந்து அவள் கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஃபவுல் போட்டுக்கொண்டே இருந்தார்கள். அவளும் தவறவிட்டுக்கொண்டே இருந்தாள். இடையில், மகளின் அணியைச் சேர்ந்த ஒருத்தி எதிரணிப் பெண்ணின் பின்னால் ஓடிக்கொண்டே, அவளுடைய செல்லப்பெயரைச் சொல்லி, "எனக்கு, எனக்கு" என்று குரல் கொடுத்தாள். தன் அணிக்காரிதான் கேட்கிறாள் என்று எண்ணி, அந்தப் பெண் திரும்பிப் பாராமலே பந்தைக் கொடுத்துவிட்டாள். அது கூடையில் போய் முடிந்தது.

ஒரு புள்ளி பின்தங்கிய நிலையில், சில நொடிகளே மிச்சமிருந்தபோது, கூடையை நோக்கிப் பாய்ந்த மகள்மீது ஃபவுல் விழுந்தது. இரண்டு ஃப்ரீ த்ரோ. அப்போது பயிற்சியாளர் குனிந்து தன் ஷூ லேஸைத் தொட்டார். அது முன்கூட்டியே பேசிவைத்த சைகை. மகள் இடது கணுக்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஃபவுல் செய்யப்பட்டவர் காயத்தால் வெளியேற நேர்ந்தால், அவருக்குப் பதிலாக இறங்குபவரே ஃப்ரீ த்ரோவை எறிய வேண்டும் என்பது விதி. அணியில் குறி தப்பாத பெண் ஒருத்தி இறங்கி இரண்டையும் போட்டாள். ஒரு புள்ளி வித்தியாசத்தில் கோப்பை கிடைத்தது.

மகள் உட்கார்ந்த உடனே முதலில் ஓடிவந்தவள் எதிரணித் தலைவி. தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்து, தோள்கொடுத்து, பெஞ்ச் வரைக்கும் அழைத்துச் சென்று விட்டிருக்கிறாள். மலையிறங்கும் வேனில் மற்ற பிள்ளைகள் பாடிக்கொண்டு வர, மகள் மட்டும் முன் இருக்கையில் முகம் வெளிறி உட்கார்ந்திருந்தாள். கொண்டை ஊசி வளைவுகளில் வரும் தலைசுற்றல் என்று நினைத்துத் தாயார் எலுமிச்சம்பழம் கொடுத்திருக்கிறார். மறுவாரத்திலிருந்து பயிற்சி என்றாலே வயிற்றுவலி. வீட்டில் இருக்கும்போதும் அடிபடாத அந்த இடது கணுக்காலில் டேப் சுற்றிக்கொள்கிறாள். ஆனால் மாலையில் வீட்டுக்கு அருகிலுள்ள சிமென்ட் மைதானத்துக்குத் தனியாகப் போய், பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை ஃப்ரீ த்ரோ எறிந்துவிட்டு வருகிறாள். கேட்டால் ஒன்றே ஒன்றுதான் சொல்கிறாளாம்: "அவங்க எனக்குத் தண்ணி குடுத்தாங்கம்மா."

கணவர் இளமையில் கபடி ஆடியவர். "ரெய்டு போய்க் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து நேரம் கடத்தாத அணி உண்டா? நடுவரே ஒன்றும் சொல்லவில்லை, நீ ஏன் சொல்கிறாய்?" என்பது அவர் வாதம். தாயார் மூன்று கேள்விகள் கேட்கிறார். நடந்தது ஏமாற்றா, உத்தியா? புகார் கொடுத்துக் கோப்பையைத் திருப்பித் தர வேண்டுமா? அப்படிச் செய்தால் மகளின் விளையாட்டு ஒதுக்கீட்டு வாய்ப்பு கெட்டுப்போகுமா? இறுதியில், "போட்டி என்று வந்தால் இவ்வளவு மென்மையான பெண் தாங்க மாட்டாள் போலிருக்கிறது, ஆட்டத்தையே நிறுத்திவிடலாமா" என்றும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

அன்று மைதானத்தில் நடந்தவை நான்கு: நேரம் கடத்தியது, வேண்டுமென்றே ஃபவுல் போட்டது, எதிரணிக்காரி போலக் குரல் கொடுத்தது, அடிபட்டதாக நடித்தது. நீங்கள் நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஏமாற்றா என்று கேட்கிறீர்கள். உங்கள் கணவர் அதே மூட்டையைச் சாமர்த்தியம் என்கிறார். மூட்டையை அவிழ்த்தால்தான் உங்கள் மகளுக்கு நியாயமான பதிலைச் சொல்ல முடியும். முதல் இரண்டில் பெரும்பகுதி உங்கள் கணவர் பக்கம் நியாயம் இருக்கிறது. மூன்றாவதில் எனக்கே முழுத் தெளிவில்லை. கடைசியில் அவர் பக்கம் எதுவும் இல்லை.

நேரம் கடத்தியதும் ஃபவுல் போட்டதும்

முன்னிலையில் இருக்கும் அணி பந்தைத் தன்னிடமே வைத்துக்கொள்வது இந்த ஆட்டத்தின் மிகப் பழைய உத்திகளுள் ஒன்று. 1950 நவம்பரில் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டி ஒன்றில் ஃபோர்ட் வெய்ன் அணி, வலிமையான மினியாபொலிஸ் லேக்கர்ஸை எதிர்கொள்ள வேறு வழியில்லாமல் பந்தை வைத்துக்கொண்டே நேரத்தைக் கழித்தது. முழு ஆட்டமும் 19-18 என்று முடிந்தது. பார்வையாளர்கள் வெறுத்துப்போனார்கள், ஆனால் அந்த அணி எந்த விதியையும் மீறவில்லை. 1954இல் அங்கே 24 நொடி ஷாட் கிளாக் வந்ததற்கு இப்படிப்பட்ட ஆட்டங்களே காரணம். கணவரின் கபடியிலும் நடந்தது இதுதான். வெறும் ரெய்டுகளாகப் போய்த் திரும்புவதைக் கட்டுப்படுத்தவே, ப்ரோ கபடியில் இரண்டு வெற்று ரெய்டுகளுக்கு அடுத்ததில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ரெய்டர் வெளியே என்ற விதியை வைத்திருக்கிறார்கள். உத்தி சலிப்பூட்டினால் விதியைத் திருத்துவார்கள். அந்த உத்தியைக் கையாண்டவரைக் குற்றவாளியாக்க மாட்டார்கள். ஷாட் கிளாக் இல்லாத மைதானத்தில் பந்தை வைத்து ஆடிய பெண்களிடம் தவறு இல்லை. எதிரணிக்கும் அதற்கு மாற்று இருந்தது. ஒரு மீட்டருக்குள் நெருங்கி மறித்தால், பந்தைப் பிடித்து நிற்பவர் 5 நொடிக்குள் பாஸோ டிரிப்ளோ ஷாட்டோ செய்தாக வேண்டும். அதைத்தான் அவர்கள் செய்து முன்னிலைக்கும் வந்தார்கள். சொல்லப்போனால், அன்று தோற்றிருக்க வேண்டிய உத்தி அது.

ஃபவுல் விஷயம் இன்னும் கொஞ்சம் சிக்கலானது. கூடைப்பந்தில் ஃபவுல் என்பதற்கு ஒரு விலை எழுதப்பட்டிருக்கிறது. பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதிப்படி ஒரு ஆட்டக்காரருக்கு ஐந்தாவது ஃபவுலோடு ஆட்டம் முடிந்துவிடும். ஒரு குவார்ட்டரில் அணியின் ஃபவுல் நான்கைத் தாண்டினால், அதன்பின் ஒவ்வொன்றுக்கும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. பின்தங்கிய அணி கடைசி நிமிடங்களில் இந்த விலையைக் கொடுத்துப் பந்தை மீட்பதை உலகெங்கும் எல்லா நிலைகளிலும் பார்க்கலாம். ஃப்ரீ த்ரோ வராதவரைத் தேர்ந்தெடுத்து ஃபவுல் போடுவதும் அதன் நீட்சிதான். 1997இல் டல்லாஸ் அணியின் பயிற்சியாளர் டான் நெல்சன், சிகாகோவின் டென்னிஸ் ராட்மனுக்கு எதிராக இதைத் திட்டமிட்டுச் செய்தார். ராட்மன் எறிந்த 12இல் 9 உள்ளே விழுந்தன. ஃபவுல் போட அனுப்பப்பட்ட இளைஞர் மூன்று நிமிடம்கூட ஆடாமல் அங்கே அனுமதிக்கப்பட்ட ஆறு ஃபவுலையும் முடித்துக்கொண்டு வெளியேறினார். குறிவைக்கப்பட்டவர் கூடையைப் பார்த்தே பதில் சொல்ல முடிகிறது என்பதை இங்கே கவனியுங்கள். உங்கள் மகளின் அணி குறிவைத்த அந்தப் பெண்ணுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வாய்ப்பு இருந்தது. அவள் அழுததாக எழுதியிருக்கிறீர்கள். பார்ப்பதற்குச் சங்கடமான காட்சிதான், ஆனால் சங்கடம் வேறு, அநியாயம் வேறு.

இருந்தாலும் ஒரு இடத்தில் பயிற்சியாளர் கோட்டைத் தாண்டியிருக்கிறார். "பந்து கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும்" என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? பந்தை ஆடும் முயற்சியே இல்லாமல் ஓர் ஆட்டக்காரரைப் பிடித்து நிறுத்துவது சாதாரண ஃபவுல் ஆகாது. அது அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக் ஃபவுல். அதற்குத் தண்டனை இரண்டு ஃப்ரீ த்ரோ, கூடவே பந்தும் எதிரணிக்கே. ஒருவரே இரண்டு முறை செய்தால் ஆட்டத்திலிருந்தே வெளியேற்றப்படுவார். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளிலும் பந்திலிருந்து விலகி நிற்பவர்மீது வேண்டுமென்றே போடும் ஃபவுலுக்கு, ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடத்துக்கு மட்டும் இருந்த கூடுதல் தண்டனையை 2016இல் ஒவ்வொரு குவார்ட்டரின் கடைசி இரண்டு நிமிடத்துக்கும் நீட்டினார்கள். ஏற்காட்டு நடுவர்கள் அதைச் சாதாரண ஃபவுலாகவே கொடுத்திருக்கிறார்கள். அது அவர்களுடைய கணிப்பு; அதைப் பற்றி உங்கள் மகள் வருந்த வேண்டியதில்லை. ஆனால் பயிற்சியாளர் அதை உத்தி என்று வகுப்பெடுத்தால், விதியில் அதற்குப் பெயர் வேறு என்று சொல்லலாம்.

விசில் ஊதவில்லை என்பதால் சரியாகிவிடுமா?

பின்னால் ஓடிவந்து பந்து கேட்டவளைப் பற்றி எனக்கு முழுத் தெளிவான தீர்ப்பு இல்லை என்று சொன்னால் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். கூடைப்பந்தே ஏமாற்றும் ஆட்டம்தான். கண்ணை ஒரு பக்கம் காட்டிப் பந்தை மறுபக்கம் கொடுப்பதும், எறிவதுபோல் கையை உயர்த்தி எதிரியைத் துள்ளவைப்பதும் அன்றாடம் கற்றுக்கொடுக்கப்படுபவை. ஆனால் உடலால் செய்யும் பாசாங்கை எதிரி கவனித்து முறியடிக்க முடியும். அது அவருடைய ஆட்டத்திறனுக்கு விடும் சவால். செல்லப்பெயரைச் சொல்லி அழைப்பது, அணிக்குள் ஒருவர்மீது ஒருவர் வைத்திருக்கும் பழக்கத்தைத் திருடுவதாகும். ஷாட் எறிபவரின் அருகில் நின்று கத்துவது, காலைத் தரையில் ஓங்கி மிதிப்பது, கண்முன் கையை ஆட்டுவது ஆகியவை அவருக்குப் பாதகமானால் டெக்னிக்கல் ஃபவுல் (உடல் மோதலுக்காக அல்லாமல் நடத்தைக்காகக் கொடுக்கும் ஃபவுல்) கொடுக்க ஃபீபாவின் விளக்கங்கள் இடம் தருகின்றன. பாஸ் கேட்டுக் குரல் கொடுப்பதை அப்படி ஒரே சீராகத் தண்டிக்கும் வழக்கத்தை நான் நம் மாவட்ட ஆட்டங்களில் பார்த்ததில்லை. சில நடுவர்கள் எச்சரிப்பார்கள். சிலர் சிரித்துவிட்டுப் போவார்கள். நானாக இருந்தால் என் அணியிடம் அதைச் செய்யாதே என்பேன். செய்துவிட்டு வந்த பிள்ளையைத் தலையில் குட்டிவிட்டு விட்டுவிடுவேன்.

கணுக்கால் விஷயம் அப்படியல்ல.

"நடுவரே ஒன்றும் சொல்லவில்லை" என்ற உங்கள் கணவரின் வாதம் இங்கேதான் முறிகிறது. ஃபவுல் நடந்ததா இல்லையா என்று நடுவர் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கலாம். வலி இருக்கிறதா என்பதை அவரால் பார்க்க முடியாது. பதினாறு வயதுப் பெண் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், "நடிக்கிறாள்" என்று சந்தேகப்பட்டு எழுந்து எறியச் சொல்வதற்கு எந்தப் பொறுப்புள்ள நடுவருக்கும் துணிவு வராது, வரவும் கூடாது. உண்மையிலேயே தசைநார் கிழிந்த அடுத்த பெண்ணுக்காக அவர் நம்பியே ஆக வேண்டும். காயம்பட்டவருக்குப் பதிலாக வருபவர் எறியலாம் என்ற விதியும் அதே நம்பிக்கையின்மேல் எழுதப்பட்டதுதான். ஃபவுல் வாங்கியதாக நடித்து விழுபவர்களுக்கு எச்சரிக்கையும் டெக்னிக்கல் ஃபவுலும் உண்டு. ஆனால் உங்கள் மகள்மீது ஃபவுல் உண்மையாகவே நடந்தது, ஆகவே அந்த விதிக்குள்ளும் இது வராது. விதிகளுக்கு நடுவே மிகச் சரியாகப் பொருந்தும் ஓர் இடுக்கை அந்தப் பயிற்சியாளர் கண்டுபிடித்திருக்கிறார். விவரமான மனிதர், அதை மறுக்கவில்லை.

நான் கோட்டை இங்கேதான் போடுவேன். ஃபவுல் போட்டவர் அதற்கான விலையை ஸ்கோர் ஷீட்டில் கொடுக்கிறார். எதிரணி அதை வசூலித்துக்கொள்ளலாம். அடிபட்டதாக நடிப்பவர் எந்த விலையும் கொடுப்பதில்லை. எதிரணியால் அதற்குத் தற்காப்பும் செய்ய முடியாது. அதை முறியடிக்க எதிரணித் தலைவிக்கு இருந்த ஒரே வழி, விழுந்தவளைக் கண்டும் காணாமல் நிற்பது. அவள் அப்படி நிற்கவில்லை. ஆட்டத்தின் வெற்றி தோல்விக்கு வெளியே இருக்கும் ஒரு நல்ல குணத்தை, அந்தப் பெண்ணின் இரக்கத்தை, புள்ளியாக மாற்றிக்கொண்டதுதான் அன்று நடந்த தவறு. தண்ணீர் கொடுத்ததைத் தவிர வேறெதையும் உங்கள் மகள் சொல்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஃபவுல் பற்றியும் நேரம் கடத்தியது பற்றியும் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நான் இத்தனை பத்திகளில் பிரித்துச் சொன்னதை அவள் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறாள்.

மென்மையானவள் என்ற முடிவைப் பற்றி

அதனால்தான் உங்கள் கடைசி வரியை நான் ஏற்கவில்லை. ஆறு ஆண்டுகளாகச் சிமென்ட் தரையில் விழுந்து எழுந்து ஆடும் பெண், வேண்டுமென்றே ஃபவுல் போடும் ஆட்டத்தில் கலங்காத பெண், ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் தடுமாறுகிறாள் என்றால் அது மென்மையல்ல. எது ஆட்டம், எது ஆட்டமில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆட்டத்தை நிறுத்தினால், தவறு செய்தவர் மைதானத்தில் இருப்பார், தவறை உணர்ந்தவள் வீட்டில் இருப்பாள்.

இன்னொன்றையும் கவனிக்கச் சொல்கிறேன். இதை நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. குற்ற உணர்ச்சி மட்டும்தான் என்றால் அவள் பந்தையே தொடாமல் இருந்திருக்கக்கூடும். ஆனால் தினமும் மாலையில் போய் ஃப்ரீ த்ரோ எறிகிறாள். அந்த இரண்டு ஷாட்டும் அவளுக்கு உரியவை. கூடையை நோக்கித் துணிந்து ஓடி, அடிவாங்கி, அவள் சம்பாதித்தவை. பயிற்சியாளர் ஷூ லேஸைத் தொட்டபோது அவளுக்குக் கிடைத்த செய்தி "நடி" என்பது மட்டுமல்ல, "உன்னால் முடியாது" என்பதும்தான். அதுவும் முன்கூட்டியே பேசிவைத்த சைகை என்பதால், முடியாது என்ற தீர்ப்பு ஆட்டத்துக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. குற்ற உணர்ச்சியும் அவமானமும் ஒன்றாகக் கலந்து கிடக்கும்போது பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல வாய் வராது; வயிறு வலிக்கும். காலில் டேப் சுற்றிக்கொள்வதையும் நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். ஆனால் நான் கடிதத்தைப் படித்தேனே தவிர காலைப் பார்க்கவில்லை. விழுந்த விதத்தில் உண்மையாகவே ஏதாவது பிசகியிருக்கலாம். முதலில் ஓர் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அவளிடம் பேசும்போது, "கோச் சொன்னதைத்தானே செய்தாய், உன்மேல் தப்பில்லை" என்று ஆறுதல் சொல்லிவிடாதீர்கள். அன்பில் வரும் வார்த்தைதான். ஆனால் அவள் அதை நம்ப மாட்டாள், தன் மனம் சொல்வது உங்களுக்குப் புரியவில்லை என்றும் முடிவுகட்டிவிடுவாள். பெரும்பங்கு பெரியவருடையது, ஒரு சிறு பங்கு உன்னுடையது, அந்தச் சிறு பங்கைச் சரிசெய்ய வழி இருக்கிறது என்று சொல்லுங்கள். அதுதான் உண்மை, பதினாறு வயதுக்கு அது தாங்கக்கூடிய உண்மையும்கூட.

புகாரும் கோப்பையும்

ஆட்ட முடிவை மாற்ற முடியாது என்பதை முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். ஃபீபா விதிப்படி ஆட்சேபம் எழுப்ப வேண்டுமானால் பாதிக்கப்பட்ட அணியின் தலைவி ஆட்டம் முடிந்த கையோடு நடுவரிடம் தெரிவித்து ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்திட வேண்டும். அப்போதும் புள்ளிக் கணக்கிலோ கடிகாரத்திலோ திருத்தப்படாத பிழை, ஆட்டக்காரரின் தகுதி போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே இடம் உண்டு. நடுவரின் கணிப்பை எதிர்த்து ஆட்சேபம் கிடையாது. ஒரு மாதம் கழித்து, வென்ற அணியின் தாயார் எழுதும் கடிதத்தால் போட்டி நடத்தியவர்கள் செய்யக்கூடியது எதுவுமில்லை. அந்தக் கடிதம் வாட்ஸ்அப்பில் சுற்றி, உங்கள் மகளின் பெயர் மட்டும் ஊர் வாயில் விழும்.

கோப்பை பன்னிரண்டு பெண்களுக்கும் பொதுவானது. இறங்கி இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்ட பெண்ணுக்கு இந்தச் சைகை தெரியுமா என்பதைக்கூட நீங்கள் எழுதவில்லை. தெரியாதென்றால், அந்த நெருக்கடியில் இரண்டையும் போட்டது அவளுடைய நேர்மையான சாதனை. மற்றவர்களின் சார்பில் ஒருவர் கோப்பையைத் திருப்பித் தருவது தியாகமாகத் தோன்றினாலும், மற்ற பதினொருவரையும் கேளாமல் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாகிவிடும். தன் சொந்தப் பதக்கத்தை அவள் அலமாரியில் வைக்க விரும்பவில்லை என்றால், வற்புறுத்தாதீர்கள். அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

விளையாட்டு ஒதுக்கீடு பற்றிய உங்கள் பயத்தில் ஒரு பகுதிக்கு ஆதாரம் இல்லை. கல்லூரிச் சேர்க்கையிலும் அரசுப் பணியிலும் பொதுவாகக் கணக்கில் எடுப்பது அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் பெற்ற சான்றிதழ்களை. ஒரு தனியார் அழைப்புப் போட்டியின் கோப்பைக்கு அதில் பெரிய இடமில்லை. அதே சமயம், பள்ளி அணிக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது, குறுவட்டப் போட்டிக்கும் முதலமைச்சர் கோப்பைக்கும் யாரை இறக்குவது என்பதில் பயிற்சியாளரின் கை ஓங்கியிருக்கும் என்பது உண்மை. அந்த அபாயத்தை நான் மறைக்க விரும்பவில்லை. ஆகவே பேச்சை எங்கே, எப்படித் தொடங்குவது என்பது முக்கியம்.

எதிரணித் தலைவியிடமும் பயிற்சியாளரிடமும் பேசுவது

மாவட்ட முகாமில் இருவரும் ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள் என்றும், அவளுடைய எண் மகளிடம் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் ஆலோசனையில் முதல் அடி அதுதான். குறுஞ்செய்தி வேண்டாம், அது படம் பிடிக்கப்பட்டு வேறெங்கோ போகும். நேரில் பார்க்கும்போதோ தொலைபேசியிலோ, "அக்கா, அன்றைக்கு எனக்குக் காலில் அடிபடவில்லை. நீங்கள் தண்ணீர் கொடுத்தீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று மூன்று வாக்கியங்கள் போதும். பயிற்சியாளர் சொன்னார் என்ற நான்காவது வாக்கியம் அதில் வரக்கூடாது. வந்தால் மன்னிப்பு புகாராக மாறிவிடும். அந்தப் பெண் கோபப்படலாம், பேச்சையே முறித்துக்கொள்ளலாம், தன் அணியிடம் சொல்லலாம். அதற்கும் மகள் தயாராக இருக்கிறாளா என்று கேளுங்கள். தயாரில்லை என்றால் காத்திருங்கள். நீங்கள் அவளுக்குப் பதிலாகப் பேசாதீர்கள்.

பயிற்சியாளரிடமும் முதலில் அவளே பேசுவது நல்லது. நீங்களோ கணவரோ கூடச் சென்று சற்றுத் தள்ளி நில்லுங்கள். எடுத்த எடுப்பில் தலைமையாசிரியரிடம் போனால் பயிற்சியாளர் தற்காப்பில் இறங்கிவிடுவார். அந்த மனிதரின் நிலைமையையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். கோப்பை வரும் ஆண்டில் உடற்கல்வி ஆசிரியரைக் கொண்டாடி, வராத ஆண்டில் அவருடைய பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் பள்ளிகள் நம் ஊரில் குறைவில்லை. அவர் கெட்டவர் என்ற எண்ணத்தோடு போகாமல், அவள் எதற்கு ஒத்துழைப்பாள், எதற்கு மாட்டாள் என்று மட்டும் தெளிவாகச் சொல்லட்டும். "சார், பந்தை நிறுத்தி ஆடச் சொன்னால் ஆடுகிறேன். பந்து வைத்திருப்பவள்மேல் ஃபவுல் போடச் சொன்னால் போடுகிறேன். அடிபட்ட மாதிரி இனி விழ மாட்டேன். அடுத்த முறை ஃப்ரீ த்ரோ கிடைத்தால் நானே எறிகிறேன்." இதில் எந்த வரியும் அவரைக் குற்றம் சாட்டவில்லை, ஆனால் மறுப்பது அவருக்கு எளிதாகவும் இருக்காது. ஃபீபாவின் விதிகளே, வெற்றிக்காக முழு முயற்சி எடுக்கலாம், ஆனால் அது நேர்மையான ஆட்ட உணர்வோடு இருக்க வேண்டும் என்றுதான் சொல்கின்றன என்பதைத் தேவைப்பட்டால் உங்கள் கணவர் நினைவூட்டலாம். அவர் பழைய ஆட்டக்காரர். அவர் சொன்னால் எடுபடும். அதற்கு முன்னால் இந்தப் பதிலை அவர் ஒருமுறை படித்துவிட்டுப் போகட்டும்.

பயிற்சியாளர் ஒப்புக்கொண்டால் அத்தோடு விட்டுவிடுங்கள். பழையதைக் கிளற வேண்டாம். சிரித்து மழுப்பினால் ஓர் ஆட்டம் பொறுத்துப் பாருங்கள். இதற்காக அவளை பெஞ்சில் உட்காரவைத்தாலோ, மற்ற பிள்ளைகள் முன் கேலி செய்தாலோ, அப்போது தலைமையாசிரியருக்கு எழுத்துமூலமாகத் தெரிவியுங்கள். தேதி, நடந்தது, சொன்ன சொற்கள் என்று சுருக்கமாக இருக்கட்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் மாவட்ட உடற்கல்வி ஆய்வாளரை அணுகலாம். பள்ளியை மாற்றுவதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள். பதினோராம் வகுப்பின் நடுவில் மாறினால் படிப்பும் பாதிக்கும், புதிய அணியில் இடம் கிடைப்பதற்கும் உறுதி இல்லை.

வயிற்றுவலியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இந்த இரண்டு பேச்சும் முடிந்தபிறகும் அது தொடர்ந்தாலோ, தூக்கமும் சாப்பாடும் குறைந்தாலோ, தன்னையே வெறுத்துப் பேச ஆரம்பித்தாலோ, மனநல மருத்துவரைப் பாருங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது பயிற்சியாளரைப் பற்றியும் ஏற்காட்டு ஆட்டத்தைப் பற்றியும் நீங்கள் முந்திக்கொண்டு கதை சொல்லாமல், மருத்துவரிடம் அவளே சொல்லட்டும்.